வெளிநாடு போறப்போ வீட்ல இருக்குற டிவிடியெல்லாம் அங்க டிவில ஓடுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, மதுரை, யாழ்ப்பாணம்னு ஊர்ல இருந்து அமெரிக்கா, கனடா, லண்டன் பக்கம் குடி போறவங்க பெட்டி கட்டுற நேரத்துல மாட்டிக்கிற கேள்வி இது, அலமாரி நிறைய வருஷக்கணக்கா சேர்த்த படம் இருக்கும், தூக்கிட்டு போறதா யாருக்காவது குடுத்துடுறதான்னு தெரியாது. முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், எல்லாரும் ரீஜன் கோடைப் பத்தித்தான் பயப்படுறாங்க, ஆனா நம்ம ஊர் டிஸ்க்குக்கு உண்மையான தலைவலி அது இல்ல, பேல், என்டிஎஸ்சின்னு இருக்குற படத்தோட சிஸ்டம்தான். அதைப் பாக்காம எதையும் வாங்கவும் வேண்டாம், எதையும் தூக்கிப் போடவும் வேண்டாம்.

எல்லாம்தான் ஓடிடில இருக்கே, எதுக்கு இதைத் தூக்கிட்டு போகணும்?

எல்லாம் இல்லைங்க. ஊர்ல ஆப்ல தெரியுற படம் அங்க போனா தெரியாது, உரிமம் நாட்டுக்கு நாடு வேற. இன்னைக்கு இருக்குற படம் ஒப்பந்தம் முடிஞ்சா அடுத்த மாசம் காணாம போயிடும். பழைய கருப்பு வெள்ளைப் படம், எண்பதுகள்ல வந்த சின்னப் படமெல்லாம் நெட்ல கிடைச்சாலும் பாட்டை வெட்டி, ஓரத்தை வெட்டி, மேல லோகோ ஒட்டித்தான் இருக்கு. சப்டைட்டிலோட முழு நீளத்துல நல்ல பிரிண்ட் கையில இருந்தா அதை விட்டுட்டு போகாதீங்க. வெளிநாட்ல வளரப்போற புள்ளைங்களுக்கு அந்த சப்டைட்டில் ரொம்பவே உதவும்.

சரி, ஊர்ல வாங்குன டிவிடி அமெரிக்கால ஓடுமா ஓடாதா?

மூணு விஷயம் பொருந்தணும். ஒண்ணு ரீஜன், ரெண்டு பேல் அல்லது என்டிஎஸ்சி, மூணு கரன்ட். இதுல ரீஜனும் சிஸ்டமும் தனித்தனி சமாச்சாரம், ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுத்தான் நிறைய பேர் தப்பான ப்ளேயரை வாங்கிட்டு வந்து நிக்கிறாங்க. ரீஜன் ஃப்ரீன்னு அட்டைல பெருசா போட்ட ப்ளேயர் பேல் டிஸ்க்கை அமெரிக்க டிவில காட்டும்னு எந்த கேரன்டியும் இல்ல.

ரீஜன் கோடுன்னா என்ன?

டிவிடி 1996 கடைசில ஜப்பான்லயும் 1997ல அமெரிக்காவுலயும் வந்துச்சு. அப்போ ஹாலிவுட் படம் அமெரிக்கால ரிலீஸாகி பல மாசம் கழிச்சுத்தான் மத்த நாட்டுத் தியேட்டருக்கு வரும், அதுக்குள்ள அமெரிக்க டிஸ்க் அங்க போயிடக்கூடாதுன்னு உலகத்தைப் பகுதி பகுதியா பிரிச்சு டிஸ்க்லயும் ப்ளேயர்லயும் நம்பர் போட்டாங்க. அமெரிக்கா, கனடா 1. ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா, தென்னாப்பிரிக்கா 2. சிங்கப்பூர், மலேசியா உள்ள தென்கிழக்கு ஆசியா 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்கா 4. இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவோட பெரும்பகுதி 5. சீனா 6. விமானம், கப்பலுக்குன்னு 8 கூட ஒண்ணு இருக்கு. டிஸ்க் நம்பரும் ப்ளேயர் நம்பரும் ஒத்துப் போகலைன்னா திரையில ஒரு மெசேஜ் வந்து நின்னுடும்.

என்கிட்ட இருக்குற தமிழ் டிவிடிங்க எந்த ரீஜன்?

பெரும்பாலும் எந்த ரீஜனும் இருக்காது, கவர்ல பின்னாடி பூமி உருண்டை மாதிரி ஒரு சின்னம் போட்டு உள்ள 0னோ ஆல்னோ இருக்கும். தமிழ்ப் படம் சென்னை, கோலாலம்பூர், லண்டன், டொரன்டோன்னு கிட்டத்தட்ட ஒரே நேரத்துல தியேட்டருக்கு வந்துடும், அப்புறம் ரீஜன் பிரிச்சு என்ன லாபம்? விக்கிறவங்களுக்கு எல்லா நாட்டுத் தமிழனும் வாங்கணும், அவ்ளோதான். ரீஜன் 5ன்னு பூட்டு இருக்குறது இந்தியால அதிகாரப்பூர்வமா வித்த ஹாலிவுட் டிஸ்க்லதான் நிறைய. அதனால கலெக்‌ஷனை ரெண்டு குவியலா பிரிங்க, தமிழ்ப் படம் ஒரு பக்கம், இங்கிலீஷ் படம் ஒரு பக்கம். ரீஜன் கவலை ரெண்டாவது குவியலுக்கு மட்டும்தான், அந்த இங்கிலீஷ் படமெல்லாம் போற ஊர்ல பழைய புத்தகக் கடைல கூட சல்லிசா கிடைக்கும்.

பேல், என்டிஎஸ்சி ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பழைய டிவி காலத்துலயே வந்த பிரிவினை இது. கரன்ட் 60 ஹெர்ட்ஸ் ஓடுற அமெரிக்கா, கனடால என்டிஎஸ்சி, 50 ஹெர்ட்ஸ் ஓடுற இந்தியா, இலங்கை, இங்கிலாந்து, ஆஸ்திரேலியால பேல். டிவிடில என்டிஎஸ்சி படம் 720க்கு 480 புள்ளி, செகண்டுக்கு சுமார் 30 ஃப்ரேம். பேல் 720க்கு 576, செகண்டுக்கு 25 ஃப்ரேம். பேல்ல புள்ளி கொஞ்சம் ஜாஸ்திங்கிறதால படம் கூர்மையா இருக்கும், அது நிஜம்தான்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பேல் நாட்ல வித்த ப்ளேயரும் டிவியும் பொதுவா என்டிஎஸ்சியையும் காட்டிடும், ஆனா அமெரிக்கா, கனடால விக்கிற சாமான் பெரும்பாலும் பேலைக் காட்டாது. அங்க உள்ள நிறைய டிவி இன்னைக்கும் எச்டிஎம்ஐ வழியா 50 ஹெர்ட்ஸ் சிக்னல் வந்தா சப்போர்ட் இல்லன்னு மெசேஜ் போட்டு கருப்பா நிக்கும், சிலது காட்டும், டிவி பொறுத்தது. என்டிஎஸ்சில அடிச்சா எல்லா நாட்லயும் ஓடும்ங்கிறதாலதான் ஏற்றுமதிக்குன்னு போட்ட தமிழ் டிவிடில நிறைய என்டிஎஸ்சியாவே இருக்கு. இந்தியால இருந்து அமெரிக்கா போறது கஷ்டமான திசை, அமெரிக்கால இருந்து இந்தியா வர்றது சுலபமான திசை, அதை மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாம் புரிஞ்சிடும்.

கவர்ல ஒண்ணுமே போடலையே, எப்படி கண்டுபிடிக்கிறது?

முதல்ல கவரோட பின்பக்கம் கீழ் ஓரத்தை நல்ல வெளிச்சத்துல பாருங்க, பார்கோடு பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும். இல்லன்னா டிஸ்க்கை கம்ப்யூட்டர்ல போட்டு விஎல்சிங்கிற வீடியோ ஓட்டுற சாஃப்ட்வேர்ல ஓட விடுங்க, படம் ஓடிட்டு இருக்கும்போது கன்ட்ரோல் கீயை அழுத்திக்கிட்டு ஜே அழுத்துனா ஒரு சின்ன விண்டோ வரும், அதுல வீடியோ ரெசல்யூஷன்னு ஒரு வரி இருக்கும். 480ன்னு முடிஞ்சா என்டிஎஸ்சி, 576ன்னு முடிஞ்சா பேல். ஒரு டிஸ்க்குக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. மார்க்கர் பேனாவால கவர் மேல பே, என்னுன்னு எழுதிக்கிட்டே வாங்க (டிஸ்க் மேல எழுதாதீங்க, கவர்ல மட்டும்). முழு கலெக்‌ஷனையும் பாத்து முடிச்சா எத்தனை பேல் இருக்குன்னு தெரியும், அதை வச்சுத்தான் அடுத்த முடிவு. எல்லாமே என்டிஎஸ்சியா இருந்தா நீங்க அங்க ஒரு சாதா ப்ளேயர் வாங்கினாலே போதும், வேற எந்த செலவும் இல்ல.

பேல் டிஸ்க் நிறைய இருக்கு. அமெரிக்கால என்ன ப்ளேயர் வாங்கணும்?

ரெண்டு வார்த்தை தேடுங்க, ரீஜன் ஃப்ரீ, அதோட பேல் டு என்டிஎஸ்சி கன்வர்ஷன். ரெண்டும் இருக்கணும். இந்த வகை ப்ளேயர் பேல் டிஸ்க்கை உள்ளயே 60 ஹெர்ட்ஸா மாத்தி அனுப்பும், டிவிக்கு அது பேல்னே தெரியாது. பெரிய ஷோரூம்ல கிடைக்கிறது கஷ்டம், ஆன்லைன்லயும் இந்திய சாமான் விக்கிற கடைங்கள்லயும் கிடைக்கும். விலை குறைஞ்ச ப்ளேயர்ல பலதுக்கு இந்த வசதி உண்டு, ஆச்சரியமா இருக்கும் ஆனா உண்மை, பெரிய பிராண்டுங்கதான் பூட்டு விஷயத்துல ரொம்பக் கறாரா இருப்பாங்க.

வாங்கின உடனே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. ரிமோட்ல செட்அப் அழுத்துங்க, அதுல டிவி சிஸ்டம் இல்லன்னா டிவி டைப்னு ஒரு இடம் இருக்கும், பேல், என்டிஎஸ்சி, ஆட்டோ இல்லன்னா மல்ட்டின்னு வரும். ஆட்டோல இருந்தா டிஸ்க் எப்படியோ அப்படியே அனுப்பும், டிவி கருப்பாயிடும். அதை என்டிஎஸ்சின்னு மாத்தி வைங்க. ப்ளேயர் கெட்டுப் போச்சுன்னு திருப்பி அனுப்புறவங்கள்ல பல பேருக்கு இந்த ஒரு செட்டிங்தான் பிரச்சனையா இருக்கும். தெரியாம பேல்ல மாத்திட்டு திரையே தெரியலைன்னா மெனுவும் தெரியாது, பதறாதீங்க, சில ரிமோட்ல சிஸ்டம் மாத்த தனி பட்டனே இருக்கும்.

ஏற்கனவே இருக்குற ப்ளேயரை ரீஜன் ஃப்ரீயா மாத்த முடியுமா?

பல மாடலுக்கு முடியும். டிரேயைத் திறந்து வச்சு ரிமோட்ல ஒரு நம்பர் வரிசை அழுத்துனா ஒளிஞ்சிருக்குற மெனு வரும், அதுல 0 இல்லன்னா 9 போட்டா எல்லா ரீஜனும் திறந்துக்கும். நம்பர் மாடலுக்கு மாடல் வேற, உங்க மாடல் நம்பரைப் போட்டுத் தேடுங்க. ரீஜன் மட்டும்தான் இதுல சரியாகும், பேல் பிரச்சனை அப்படியே இருக்கும். இன்னொண்ணு, 2000க்கு அப்புறம் வந்த சில ரீஜன் 1 ஹாலிவுட் டிஸ்க் ப்ளேயர் எல்லா ரீஜனுக்கும் திறந்திருக்கான்னு பாத்துட்டு ஓட மறுக்கும், அதுக்கு மட்டும் 0ல இருந்து 1க்கு மாத்தி வச்சா ஓடிடும்.

ஊர்ல இருக்குற ப்ளேயரையே எடுத்துட்டு போகலாமா?

பின்னாடி ஒட்டியிருக்குற ஸ்டிக்கரைப் பாருங்க. 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்னு போட்டிருந்தா தாராளமா எடுத்துட்டு போங்க, பிளக் மட்டும் மாத்துற அடாப்டர் போதும், செட்டிங்ல என்டிஎஸ்சி இருக்கான்னு ஊர்லயே பாத்துக்கோங்க. 220 இல்லன்னா 230 வோல்ட் மட்டும் போட்டிருந்தா அமெரிக்க 120 வோல்ட்ல அது உயிரே பிடிக்காது, அதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்குற காசுக்கு அங்க புது ப்ளேயரே வாங்கிடலாம். இன்னொரு விஷயம், ஊர் ப்ளேயர்ல எச்டிஎம்ஐ இல்லாம சிவப்பு மஞ்சள் வெள்ளைன்னு மூணு கலர் ஒயர் மட்டும் இருந்தா, புது டிவி பலதுல அந்த ஓட்டையே இல்லாம வருது, அதையும் பாத்துக்கோங்க.

டிவியையே கொண்டு போயிட்டா?

வேண்டாம். கரன்ட் ஒத்துப் போனாலும் அங்க ஆன்டெனால வர்ற சேனல் வேற முறை, அது வராது, வழில உடையுற பயம் வேற.

லேப்டாப்ல போட்டு டிவில பாக்கலாமா?

இதுதான் சுலபமான வழின்னு நான் எல்லார்கிட்டயும் சொல்வேன். கம்ப்யூட்டருக்கு பேல், என்டிஎஸ்சி ரெண்டும் ஒண்ணுதான், எதைப் போட்டாலும் காட்டும். யுஎஸ்பில மாட்டுற வெளி டிவிடி டிரைவ் ஒண்ணு, எச்டிஎம்ஐ கேபிள் ஒண்ணு, விஎல்சி, முடிஞ்சுது. விண்டோஸ் 10லயும் 11லயும் டிவிடி ஓட்ட உள்ளயே எதுவும் கிடையாது, அதனால விஎல்சி கண்டிப்பா வேணும்.

டிரைவ்ல ஒரு எச்சரிக்கை இருக்கு. 2000ல இருந்து வர்ற டிரைவ்ல ரீஜனை 5 தடவைதான் மாத்த முடியும், கடைசியா எதுல நிக்குதோ அதுலயே நிரந்தரமா பூட்டிக்கும், கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணாலும் திரும்பாது, ஏன்னா கணக்கு டிரைவுக்குள்ளயே இருக்கு. அதனால ரீஜன் மாத்தவான்னு கேட்டா உடனே சரின்னு அழுத்தாதீங்க. விஎல்சி பல டிரைவ்ல மாத்தாமலே ஓட்டிடும். ரீஜன் 5க்கு ஒரு டிரைவ், ரீஜன் 1க்கு ஒரு டிரைவ்னு ரெண்டு வச்சுக்கிறதும் நல்ல யோசனைதான், விலை அவ்ளோ இல்ல.

ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ்ல?

வாங்குன நாட்டு ரீஜன்ல பூட்டி இருக்கும், திறக்க வழி இல்ல, விசிடியும் ஓடாது. நம்பாதீங்க.

லண்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், துபாய் போறோம். அங்கயும் இதே கஷ்டமா?

இல்லவே இல்ல. இந்த ஊரெல்லாம் பேல் வழி வந்தது, கரன்டும் 230 பக்கம், டிவி 50, 60 ரெண்டையும் காட்டும். பாரிஸ், சூரிச் போறவங்களுக்கும் இதேதான். ஆல் ரீஜன் தமிழ் டிஸ்க் அப்படியே ஓடும், ரீஜன் 5 பூட்டு போட்டதுக்கு மட்டும் ரீஜன் ஃப்ரீ ப்ளேயர் வேணும். கனடா மட்டும் அமெரிக்கா மாதிரியேதான், ரீஜன் 1, என்டிஎஸ்சி, 120 வோல்ட். கொழும்புல இருந்து லண்டன் போன அண்ணாவுக்கு பிரச்சனை இல்லாம ஓடின டிஸ்க் டொரன்டோ போன தம்பிக்கு ஓடலைன்னா காரணம் இதுதான்.

பாட்டு கொஞ்சம் வேகமா, சுருதி ஏறின மாதிரி கேக்குதே?

காது நல்லா இருக்குறவங்க கேக்குற கேள்வி. படம் ஃபிலிம்ல செகண்டுக்கு 24 ஃப்ரேம், பேல்ல 25. கணக்கை சரிகட்ட படத்தையே 4 சதவீதம் வேகமா ஓட விட்டு டிஸ்க்ல பதிச்சிடுவாங்க, ரெண்டரை மணி நேரப் படம் 144 நிமிஷத்துல முடிஞ்சிடும். சத்தமும் கூடவே ஏறும், அரைக் கட்டைக்கு கொஞ்சம் கம்மியா சுருதி கூடும். கேசட்லயும் ரேடியோலயும் கேட்டுக் கேட்டு மனசுல பதிஞ்ச பாட்டு டிவிடில வேற மாதிரி ஒலிக்கும், எஸ்.பி.பி குரல் கொஞ்சம் இளசாயிட்ட மாதிரி இருக்கும். என்டிஎஸ்சி டிஸ்க்ல இந்த வேகம் இல்ல, ஃப்ரேமைத் திரும்பத் திரும்பக் காட்டி சமாளிச்சிடுவாங்க, அதனால படம் மெதுவா நகருற ஷாட்ல லேசா தடுக்கும் ஆனா பாட்டு பாட்டாவே இருக்கும். ஒரே படம் ரெண்டுலயும் கிடைச்சா, பாட்டுக்காக பாக்குற படத்துக்கு நான் என்டிஎஸ்சியத்தான் வச்சுக்குவேன். விஎல்சில வேகத்தை 0.96னு வச்சு, சுருதியைப் பிடிச்சு வைக்கிற ஆப்ஷனை எடுத்துட்டா பேல் டிஸ்க்லயும் சரியா வந்துடும்.

படம் நடுவுல சின்னதா, நாலு பக்கமும் கருப்பா வருது?

பழைய தமிழ் டிவிடி நிறைய சதுர டிவிக்காக பதிச்சது, மேலயும் கீழயும் உள்ள கருப்பு டிஸ்க்லயே இருக்கு, அகல டிவில போட்டா பக்கத்துலயும் கருப்பு வந்துடும். டிவி ரிமோட்ல பிக்சர் சைஸ்ல போய் ஜூம் போடுங்க. ஸ்ட்ரெச் போடாதீங்க, எல்லாரும் குண்டா தெரிவாங்க.

படம் வருது, சத்தம் வரலை?

டிஸ்க் டிடிஎஸ்ங்கிற சத்த முறைல உள்ள டிராக்ல ஓடும், உங்க டிவி டிடிஎஸ் புரிஞ்சுக்காது. ரிமோட்ல ஆடியோ அழுத்தி டால்பிக்கு மாத்துங்க, இல்லன்னா ப்ளேயர் செட்அப்ல டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம்னு வைங்க.

விசிடி நிறைய இருக்கு, அது?

விசிடிக்கு ரீஜனே கிடையாது, ஆனா புது ப்ளூ-ரே ப்ளேயர் பலதுல ஓடாது. டிவிடிக்கு வராத படமா இருந்தா மட்டும் காப்பாத்துங்க. கம்ப்யூட்டர்ல போட்டு எம்பெக் ஏவிங்கிற ஃபோல்டரைத் திறந்தா டேட்னு முடியுற ஒரு பெரிய ஃபைல் இருக்கும், அதை அப்படியே காப்பி பண்ணி விஎல்சில ஓட்டலாம். ரெண்டு மூணு டிஸ்க்ல இருக்குற படத்தை வரிசை நம்பர் போட்டு ஒரே ஃபோல்டர்ல வைங்க.

கல்யாண டிவிடி, காதுகுத்து, அப்பாவோட அறுபதாம் கல்யாணம், இதெல்லாம்?

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். வேற எந்த டிஸ்க்கையும் பாக்குறதுக்கு முன்னாடி இதை எடுங்க. கடைல வாங்குன டிவிடி அச்சுல அழுத்தினது, ஸ்டூடியோல குடுத்த டிவிடி சாய அடுக்கு மேல லேசர்ல எழுதினது, பின்பக்கம் திருப்பிப் பாத்தா ஊதாவா நிறம் அடிக்கும். அந்த சாயம் வெயில், சூடு, ஈரம் பட்டா மங்கும். நம்ம ஊர் வெக்கையில பீரோ மேல வருஷக்கணக்கா இருந்த டிஸ்க் எப்போ வேணா கைவிடலாம், வெளியில பாக்க பளபளன்னுதான் இருக்கும். மேல ஒட்டுன மாப்பிள்ளை பொண்ணு ஸ்டிக்கர் ஓரம் கிளம்பியிருந்தா இன்னும் அவசரம், உரிக்க மட்டும் உரிக்காதீங்க, டிஸ்க் கெட்டுப் போகலாம்.

இதுல பூட்டு எதுவும் கிடையாது, உங்க வீட்டு விசேஷம், சட்ட சிக்கலும் இல்ல. வீடியோ டிஎஸ்ங்கிற ஃபோல்டரை முழுசா ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டா போதும். ஒரு இடத்துல நின்னுட்டா வேற டிரைவ்ல முயற்சி பண்ணுங்க, ஒரு டிரைவ் படிக்காததை இன்னொண்ணு படிக்கும். மென்மையான துணியால நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா துடைங்க, வட்டமா துடைக்காதீங்க. காப்பி பண்ணினதும் ஆரம்பம், நடு, கடைசின்னு மூணு இடத்துல ஓட்டிப் பாருங்க, அப்புறம் அக்கா தங்கச்சி வீட்டுக்கும் ஒரு காப்பி குடுங்க. அந்த வீடியோல இருக்குற தாத்தா பாட்டி சித்தப்பா முகமெல்லாம் வேற எங்கயும் கிடைக்காது. இதை ஊர்ல இருக்கும்போதே முடிச்சிடுங்க, டிஸ்க் படிக்கலைன்னா அதே ஸ்டூடியோல போய் மாஸ்டர் காப்பி இருக்கான்னு கேக்கலாம், விமானம் ஏறிட்டா அந்த வாய்ப்பு போச்சு.

ப்ளூ-ரே டிஸ்க்குக்கும் இதே ரீஜனா?

வேற. அமெரிக்கா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா ஏ, ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி, இந்தியா, சீனா, ரஷ்யா சி. நிறைய டிஸ்க் மூணுலயும் ஓடும். 4கே ப்ளூ-ரேக்கு ரீஜன் பூட்டே இல்ல. ப்ளூ-ரே ப்ளேயர்ல ப்ளூ-ரே ரீஜனும் டிவிடி ரீஜனும் தனித்தனி, ஒண்ணு திறந்திருந்தா இன்னொண்ணும் திறந்திருக்கும்னு நினைக்காதீங்க.

எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல ஏத்திட்டு டிஸ்க்கை விட்டுட்டு போகலாமா?

காப்பி பண்ண விடாம பூட்டு போட்ட கம்பெனி டிஸ்க்ல அந்தப் பூட்டை உடைச்சு காப்பி எடுக்குறது அமெரிக்கால 1998 சட்டப்படி தப்பு, சொந்த உபயோகமா இருந்தாலும். இங்கிலாந்துல 2014ல சொந்தக் காப்பிக்கு அனுமதி குடுத்து 2015லயே கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. அதனால டிஸ்க்கை வச்சுக்கிறதுதான் நல்லது. பூட்டு இல்லாத வீட்டு டிஸ்க்குக்கு கணக்கு சொல்றேன், ஒரு அடுக்கு டிஸ்க் 4.7 ஜிபி, ரெண்டு அடுக்கு 8.5 ஜிபி, 100 டிஸ்க் வந்தாலும் 1 டிபிக்குள்ள அடங்கிடும்.

எப்படி பேக் பண்றது?

டிஸ்க் ஒண்ணு 16 கிராம்தான், கேஸோட சேர்த்தா 100 கிராம் பக்கம் வரும். 200 படம் கேஸோட 20 கிலோ, கேஸ் இல்லாம மூணு கிலோ சொச்சம். 23 கிலோ பெட்டில எதை வைப்பீங்கன்னு நீங்களே பாத்துக்கோங்க. கவர் பேப்பரை உருவி டிஸ்க்கோட சேர்த்து துணி உறை ஆல்பத்துல போடுங்க, பேப்பரைத் தூக்கிப் போடாதீங்க. கல்யாண டிஸ்க்கும் ஹார்ட் டிஸ்க்கும் கைப்பையில வரணும், செக்-இன்ல வேண்டாம்.

சில வருஷம் கழிச்சு ஊருக்கே திரும்பினா, அங்க சேர்த்த டிஸ்க் இங்க ஓடுமா?

ஓடும், முன்னாடி சொன்ன சுலபமான திசை இது. என்டிஎஸ்சியை இங்க டிவி காட்டிடும், ரீஜன் 1 பூட்டுக்கு மட்டும் ரீஜன் ஃப்ரீ ப்ளேயர் வேணும். அங்க வாங்குன ப்ளேயரைக் கொண்டு வர்றதா இருந்தா மட்டும் ஸ்டிக்கரைப் பாருங்க, 120 வோல்ட்னு மட்டும் போட்டிருந்தா நம்ம 230ல சொருகின உடனே எரிஞ்சிடும், அதை அங்கயே யாருக்காவது குடுத்துட்டு வந்துடுங்க.